பொதுமொழியும் வீட்டுமொழியும்

டோல்கினின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் ஒருவர்கூட ஆங்கிலம் பேசுவதில்லை. படித்தவர்கள் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற செய்தி இது. மூன்றாம் பாகம் 1955ல் வெளிவந்தபோது கடைசியில் சில பின்னிணைப்புகளைச் சேர்த்தார் டோல்கின். அதில் ஒன்றில் சொல்கிறார்: கதை மாந்தர்கள் பேசியது ‘வெஸ்ட்ரான்’ என்ற பொதுமொழி, நான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன், அவ்வளவுதான். பெயர்களையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டாராம். நமக்கு மெர்ரி என்று தெரிந்த ஹாபிட்டின் உண்மைப் பெயர் கலிமக். சுருக்கமாகக் கலி. வெஸ்ட்ரானில் ‘கலி’ என்றால் குதூகலம். அதனால்தான் ஆங்கிலத்தில் மெர்ரி ஆனான். தமிழிலும் ‘களி’ என்றால் அதே பொருள்தான். தற்செயல்தான் என்றாலும் முதல்முறை இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் பொதுமொழி பிறந்த விதமும் சுவாரசியமானது. கடல் தாண்டி வந்தவர்கள் கரையோரம் துறைமுகங்கள் கட்டினார்கள். அவர்கள் மொழி உள்ளூர் மொழிகளோடு கலந்தது, வணிகத்தோடு பரவியது, பல இனங்களுக்கும் நடுவே பேச்சுப் பாலமாக ஆனது. இலக்கணம் எழுதி, அரசாணை போட்டு வந்த மொழியல்ல. சரக்கு இறக்குகிற இடத்தில் தானாக வந்தது.

எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை. நான் வளர்ந்தது ஆவடியில்.

*

ஆவடி என்றால் பலருக்கு 1955 காங்கிரஸ் மாநாடு நினைவுக்கு வரும். எங்களுக்கு டேங்க் ஃபேக்டரி. 1961ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. ராணுவ உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப் முகாம் என்று மத்திய அரசின் கை பட்ட ஊர். குவார்ட்டர்ஸில் ஒரே படிக்கட்டில் பஞ்சாபி, மலையாளம், வங்காளம், தெலுங்கு எல்லாம் கேட்கும். பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இருக்கிறது. லேத்துப் பட்டறைகளில் முன்பு திருநெல்வேலித் தமிழும் வடஆற்காட்டுத் தமிழும் கேட்டது. இப்போது ஒடியாவும் போஜ்பூரியும் அஸ்ஸாமியும் கேட்கின்றன.

இவர்கள் அனைவருக்கும் நடுவில் ஒரு தமிழ் உருவாகியிருக்கிறது. சி.டி.எச் ரோட்டில் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். “அண்ணா நீ உக்காரு, நான் அஞ்சு நிமிஷம் வரும்.” அதில் வினைச்சொல்லுக்கு ஒரே விகுதி. நான் வரும், நீ வரும், முதலாளி வரும். திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் ‘உம்’ ஒன்றே சுமக்கும். அப்புறம் எல்லாருக்கும் ‘நீ’. சூப்பர்வைசரும் நீ, எழுபது வயதுப் பாட்டியும் நீ. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

டோல்கினிடமும் இது இருக்கிறது. வெஸ்ட்ரானில் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. ஆனால் ஹாபிட்டுகளின் பேச்சு வழக்கில் ‘நீங்கள்’ கிட்டத்தட்ட வழக்கொழிந்துவிட்டது. பிப்பின் என்ற ஹாபிட் இளைஞன் கோண்டோர் தலைநகருக்குப் போய், அந்நாட்டை ஆளும் டெனெத்தாரையே ‘நீ’ என்று பேசுகிறான். அரண்மனை வேலைக்காரர்கள் திகைத்துப்போகிறார்கள். மன்னருக்கு நிகரானவரையே நீ என்கிறானே, இவன் தன் நாட்டில் பெரிய இளவரசனாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரில் வதந்தி பரவிவிடுகிறது. ஆங்கிலத்தில் எல்லாமே ‘யூ’ என்பதால் டோல்கினால் இந்த நகைச்சுவையைக் கதைக்குள் காட்ட முடியவில்லை, பின்னிணைப்பில் விளக்கித்தான் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

*

டோல்கினுடைய மொழிகளுக்குள் என்னை இழுத்தது எழுத்துகள்தான். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டல் அறைத்தோழன் ஒருவனிடம் அந்த நாவல் இருந்தது. முதல் பக்கத்திலேயே மேலும் கீழும் விசித்திரமான எழுத்துகள். மேலே இருப்பது கிர்த். கல்லிலும் மரத்திலும் செதுக்க ஏற்ற, நேர்கோடுகளால் ஆன எழுத்து. கீழே இருப்பது தெங்வார். பேனாவால் எழுத ஏற்ற, வளைவுகள் கொண்ட எழுத்து. இரண்டுமே எல்ஃப்கள் உருவாக்கியவை. பிறகு மனிதர்களும் குள்ளர்களும் எடுத்துக்கொண்டார்கள். பொதுமொழியை இரண்டிலுமே எழுதலாம்.

தெங்வாரின் அமைப்பைப் பார்த்ததும் எனக்கு ஒன்பதாம் வகுப்புத் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். முதன்மை எழுத்துகள் 24. நான்கு பத்தி, ஆறு வரிசை. பத்தி என்பது ஒலி பிறக்கும் இடம்: பல், உதடு, அண்ணம் என்று. வரிசை என்பது பிறக்கும் விதம். ஒரு தண்டு, ஒரு வளைவு. வளைவை இரட்டித்தால் ‘ட’ போன்ற வல்லொலி அதிர்வொலியாகும். தண்டை மேலே தூக்கினால் உரசொலியாகும். தண்டைச் சுருக்கி வளைவை இரட்டித்தால் மூக்கொலி. உயிரொலிகள் பெரும்பாலும் மெய்யின் தலைமேல் குறிகளாக ஏறும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ஒலிகளை வகுக்கும் முறைக்கு ஒருவர் வடிவம் வரைந்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய இப்படித்தான்.

இன்னொன்று. தெங்வார் எழுத்துகளுக்கு நிலையான ஒலி கிடையாது. மொழிக்கு ஏற்ப ஒலி மாறும். அதை ‘மோட்’ என்பார்கள், நாம் முறைமை என்று வைத்துக்கொள்ளலாம். மோரியா குகை வாசலில் எல்ஃப் மொழிக்கு ஒரு முறைமை, அதில் உயிர்களுக்கும் தனி எழுத்து. மோதிரத்துக்குள் சுடர்விடும் வரியும் தெங்வார்தான், ஆனால் மொழி இருளின் மொழி. அழகான எழுத்தில் கொடூரமான மொழி. எழுத்து வேறு, மொழி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

நானும் அறைத்தோழனும் தமிழுக்கு ஒரு முறைமை உருவாக்கினோம். உடனே சண்டை. ‘பந்து’ என்பதில் இருக்கும் த-வை எப்படி எழுதுவது? பல் இடத்து வல்லொலியாகவா, அதிர்வொலியாகவா? நான் ஒலிப்படி என்றேன். அவன், தமிழுக்கு அது தேவையில்லை, ந்-க்குப் பின் வந்தால் வாய் தானாக அதிரும், எழுத்து ஏன் சுமக்க வேண்டும் என்றான். கல், அகம், தங்கம் மூன்றிலும் க வேறு வேறு ஒலி. ஆனாலும் ஒரே எழுத்து போதும், இடம் சொல்லிக்கொடுத்துவிடும். அது குறையில்லை, சிக்கனம். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்தச் சிக்கனம் தமிழுக்கு மட்டுமே செல்லுபடியாகும். அதே எழுத்தை வேறொரு மொழிக்குப் போட்டுவிட்டால் கதை வேறு. நம் பூஜை அலமாரியில் இருக்கும் சுலோகப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ப, ப², ப³, ப⁴ என்று எழுத்தின் தோளில் எண்கள் உட்கார்ந்திருக்கும். சமஸ்கிருதத்துக்கான தமிழெழுத்தின் முறைமை அது. மதுரையில் சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்தே உண்டு, 2008ல் யூனிகோடிலும் ஏறிவிட்டது. ஆனாலும் அந்த மொழியைத் தமிழெழுத்தில் எண்களோடு எழுதுபவர்கள் அநேகம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள், அரபுத்தமிழ் என்று ஒரு இலக்கியமே இருக்கிறது. டோல்கின் கற்பனை செய்த எதுவும் நம் ஊரில் நடக்காமல் இல்லை.

*

நம் ஊரிலும் ஒருவர் கற்பனை நாட்டுக்கு மொழி செய்தார். 2015 ஜூலையில் ‘பாகுபலி’ வந்தது. காலகேயர்கள் பேசும் ‘கிளிக்கி’ மொழியை உருவாக்கியவர் மதன் கார்க்கி. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற கணினியாளர், அண்ணா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், பாடலாசிரியர். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளோடு விளையாட்டாக உருவாக்கிய ஒரு சிறு மொழிதான் இதற்கு விதை என்று சொல்லியிருக்கிறார். படத்துக்காக 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். ‘மின்’ என்றால் நான், அதைத் திருப்பிப் போட்டு ‘நிம்’ என்றால் நீ. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் அன்று, எழுத்துகள், எண்களோடு யாரும் கற்றுக்கொள்ளும்படி வெளியிட்டார். டோல்கினும் சிறு வயதில் உறவுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து இரகசிய மொழி பேசித்தான் ஆரம்பித்தார்.

‘பாகுபலி’ தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுக்கப்பட்ட படம். மகிழ்மதிக்காரர்கள் பேசுவது இரண்டிலும் வேறு. கிளிக்கி மட்டும் ஒன்றுதான். நாங்கள் குடும்பத்தோடு பூந்தமல்லிப் பக்கம் ஒரு தியேட்டரில் தமிழில் பார்த்தோம். திருப்பதியில் சித்தி குடும்பம் தெலுங்கில் பார்த்தது. போனில் பேசிக்கொண்டபோது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றுபோலச் சொல்லிக்காட்டியது கிளிக்கி வசனத்தை மட்டும்தான். யாருக்கும் புரியாத மொழிதான் அன்றைக்கு அவர்களுக்குப் பொதுமொழி.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுமொழி தெலுங்கு.

*

ஆவடி, திருவள்ளூர், திருத்தணி வட்டாரத்தில் இது சாதாரணம். வீட்டில் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பாட்டியை அவ்வா என்போம், தாத்தாவைத் தாத்தா என்றே சொல்வோம். அவ்வா பள்ளிப்பட்டுப் பக்கம். அவர் பிறந்தபோது அது சித்தூர் மாவட்டம். ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கரின் சமரசம் எல்லாம் நடந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முன்பே அவ்வா ஐந்தாம் வகுப்புவரை தெலுங்குப் பள்ளியில் படித்து முடித்துவிட்டார். கல்யாணமாகி, தாத்தாவுக்கு வேலை கிடைத்த ஆவடிக்கு வந்தார். அம்மா படித்தது தமிழ்வழியில். நான் தமிழும் ஆங்கிலமும்.

ஆகவே அவ்வாவுக்குத் தெலுங்கு பேசவும் எழுதவும் தெரியும். அம்மாவுக்குப் பேச மட்டும் தெரியும். எனக்குப் பேச்சு முக்கால், எழுத்து சுழி. குடும்ப வாட்ஸாப் குழுவில் நாங்கள் தெலுங்கைத் தமிழெழுத்தில்தான் எழுதுவோம். ‘பாகுன்னாவா’ என்று எழுதினால் எங்களுக்கு அது ‘நல்லா இருக்கியா’. வெளியாளுக்குப் பாகு நினைவுக்கு வரும். அது எங்கள் குடும்ப முறைமை. ஒலி தெரிந்தவருக்குத்தான் வாசிக்க வரும்.

ஹாபிட்டுகளும் இப்படித்தான். அவர்களுக்கு முன்பு வேறொரு மொழி இருந்தது, ரோகன் நாட்டு மொழிக்கு உறவு. பொதுமொழிக்கு மாறியதும் அது போய்விட்டது. மாதப் பெயர்கள், கிழமைப் பெயர்கள், சில ஆள்பெயர்கள், சில வீட்டுச் சொற்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நாவலில் ஒரு இடத்தில் மெர்ரி ரோகன்காரர்கள் பேசுவதைக் கேட்கிறான். நிறையச் சொற்கள் தெரிந்தவைபோல இருக்கின்றன, ஆனால் கோர்த்துப் பொருள் சொல்ல முடியவில்லை. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும்.

என் வேலையும் இதைத் தினமும் நினைவூட்டுவது. அம்பத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், மொபைல் செயலிகளில் இந்திய மொழி எழுத்துகள் உடையாமல் தெரிகின்றனவா என்று பார்க்கிற குழுவில் இருக்கிறேன். தெலுங்கில் ஒத்தெழுத்து ஒன்று இடம் மாறி விழுந்தால் வடிவத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் அந்தச் சொல் என்ன என்று வாசிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினால் புரிந்துவிடும். ஒருமுறை பக்கத்து சீட்டுத் தோழி சிரித்தாள். “நீ என்ன, உன் மொழியை எக்ஸ்ரேயில மட்டும் பாக்குற டாக்டரா?”

*

அவ்வா 2011ல் போய்விட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது. நீள வாக்கில் மடித்துத் தைத்த கணக்கு நோட்டு, முழுக்கத் தெலுங்கெழுத்து. பீரோ மாறும்போதெல்லாம் அம்மா அதைப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைப்பார். “என்னமா எழுதியிருக்கு?” என்றால், “யாருக்குத் தெரியும், சீட்டுக் கணக்கா இருக்கும்” என்பார். அம்மாவுக்கு அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஒரு எழுத்தும் தெரியாது. மோரியாவின் இருட்டில் கிழிந்த குள்ளர் புத்தகத்தை வாசிக்க அங்கே ஒரு கண்டால்ஃப் இருந்தார். எங்கள் வீட்டில் இல்லை.

போன வருஷம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் தன் சிநேகிதியோடு இரகசிய எழுத்து உருவாக்கிக்கொண்டிருந்தாள். முக்கோணம் என்றால் அ, நட்சத்திரம் என்றால் ம. என்னிடம் வந்து, “அப்பா, நம்ம தெலுங்குக்கு எழுத்து இருக்கா, இல்ல சும்மா பேசுறது மட்டும்தானா?” என்றாள். ஏழரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பேசுகிற, ஆயிரம் ஆண்டுக்கு மேல் இலக்கியம் உள்ள மொழி. என் வீட்டில் அது எழுத்தே இல்லாத மொழியாகத் தெரிந்திருக்கிறது.

அந்த வாரமே உட்கார்ந்தேன். தொழில் கைகொடுத்தது. யூனிகோடில் தமிழுக்கும் தெலுங்குக்கும் அடுத்தடுத்த வீடுகள். இரண்டுமே ஒரே அச்சில் வார்த்தவை. தமிழ் எழுத்தின் எண்ணோடு 128 கூட்டினால், பெரும்பாலும் அதே ஒலியுள்ள தெலுங்கு எழுத்து வந்துவிடும். க-வோடு 128 கூட்டினால் தெலுங்குக் க. தமிழ் வரிசையில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று இடம் காலி. ச-வுக்கும் ப-வுக்கும் பின்னாலும் அப்படித்தான் காலியிடங்கள் வரும். தெலுங்கில் அங்கெல்லாம் ஆள் இருக்கிறது. தெலுங்கு வரிசையில் நம் ன-வின் இடம் காலி. ஒருவர் வீட்டில் பூட்டிய அறை, அடுத்த வீட்டில் திறந்திருக்கிறது. தெங்வார் அட்டவணையை மனப்பாடம் செய்த தலைக்கு இது மூன்று வாரத்தில் ஏறிவிட்டது. எல்ஃப்களின் எழுத்து இன்றைக்கும் யூனிகோடில் அதிகாரபூர்வமாக ஏறவில்லை, தனிப்பயன் பகுதியில்தான் ஆர்வலர்கள் குடிவைத்திருக்கிறார்கள். தெலுங்கு நிரந்தர முகவரியோடு பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பு. அவ்வாவின் கையெழுத்து நெருக்கமானது, சொற்களுக்கு நடுவே இடம் விடமாட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்பார். “ந... ல்ல... கா... ர...” என்பதற்குள், “நல்லகாரம்! கறிவேப்பிலைப் பொடி. எத்தன மொளகா போட்டிருக்கு பாரு” என்பார். எழுத்து என்னிடம், மொழி அம்மாவிடம். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆள் வாசிக்கிற மாதிரி.

பெரும்பகுதி அம்மா சொன்னபடியே சீட்டுக் கணக்கு. யார் எந்த மாதம் எடுத்தார்கள், யார் பாக்கி. கல்யாண மொய். பால்காரர் வராத நாட்கள். நடுவில் 1967 ஜூன் என்று தேதி போட்டு ஒரே ஒரு வரி. கூட்டி வாசித்தேன்: பாப்பனி அரவ ப³டிலோ சேர்ச்சினாமு.

பாப்பாவை அரவப் பள்ளியில் சேர்த்தோம். அரவம் என்பது தெலுங்கில் தமிழுக்கு வழங்கும் பெயர். பாப்பா என்பது அம்மா.

அம்மா கீரையை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “நைனாதான் சொன்னாராம். இங்கதான் இருக்கப் போறோம், இங்கத்தப் படிப்பே படிக்கட்டும்னு. அவ்வா ஒண்ணும் சொல்லலையாம்” என்றார். அடுத்த வரி, அரிசி ஆறு படி. அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

தாத்தா செய்தது சரிதான். பொதுமொழியில் படித்ததால்தான் அம்மாவுக்கு வேலை, எனக்குப் படிப்பு, நான் இதை எழுதுகிற இந்தத் தமிழ். இதை என் மொழி இல்லை என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போவேன். ஆனால் அந்த ஒரு வரியை எழுதியபோது, அதைத் தன் மகளால் வாசிக்க முடியாது என்று அவ்வாவுக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்துதான் எழுதினாரா, கணக்கெழுதும் பழக்கத்தில் எழுதினாரா என்று நானும் அம்மாவும் பலமுறை பேசியிருக்கிறோம். அம்மா, பழக்கம்தான் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற எந்தப் பிள்ளையையும் பள்ளியில் சேர்த்ததை அவர் எழுதிவைக்கவில்லை.

அந்த வரியைக் குடும்பக் குழுவில் தமிழெழுத்தில் போட்டேன். ப-வின் தோளில் எண் போடாமல், எங்கள் வழக்கப்படி. திருப்பதித் தம்பி உடனே கேட்டான், “ஏமண்ணா, பெத்தம்மா கிந்த படி போயாரா?” கீழே விழுந்துவிட்டாரா என்று. தெலுங்கில் ப³டி என்றால் பள்ளிக்கூடம், படி என்றால் விழுந்து. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்று. தமிழாக வாசித்தால் படிப்பும் அதுதான், மாடிப்படியும் அதுதான், அரிசி அளக்கிற படியும் அதுதான். தெலுங்கெழுத்தில் மறுபடி அனுப்பினேன். அவன் வாசித்தான். அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் அது வெறும் வட்டங்கள்.

இப்போது மகள் கற்றுக்கொள்கிறாள். முக்கோண நட்சத்திர எழுத்தைவிட இது வேகமாக வருகிறது அவளுக்கு. எழுத்து வருகிறதே தவிர அவளுக்குத் தெலுங்கு புரியாது. கிளிக்கியையோ தெங்வாரையோ கற்கிற பிள்ளை எப்படி ஒலியை மட்டும் உரக்கச் சொல்லுமோ அப்படிச் சொல்கிறாள். பக்கத்தில் அம்மா உட்கார்ந்து அந்த ஒலியைச் சொல்லாக்கிக் கொடுக்கிறார். போன ஞாயிறு மொய்க் கணக்கில் ஒரு பெயரில் இருவருக்கும் வாக்குவாதம். நான் தலையிடவில்லை. நோட்டில் இன்னும் பதினோரு பக்கம் இருக்கிறது.